‘மேலான படை’ என்றால் எது? 1914 ஆகஸ்டில் ஒரு ரியர் அட்மிரல் எடுத்த முடிவு: நிகழ்வு ஆய்வு

முதல் உலகப் போரின் தொடக்க நாள்கள்; 1914 ஆகஸ்ட் 7 அதிகாலை. கிரேக்கத்தின் மேற்குக் கரையை ஒட்டிய அயோனியன் கடலில் நான்கு பிரிட்டிஷ் கவசக் குரூசர்கள் விளக்கணைத்துத் தெற்கே விரைந்துகொண்டிருந்தன. ஒரு ஜெர்மன் போர்க்கப்பலை வழிமறிக்க வேண்டும். நான்கு மணிவாக்கில் அந்த முயற்சியைக் கைவிட்டுத் திசை திரும்பின. ஒரு குண்டுகூடச் சுடவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் அந்தப் படையின் தலைவரான ரியர் அட்மிரல் கோர்ட் மார்ஷலில், அதாவது ராணுவ நீதிமன்றத்தில், நின்றார். அதன் பிறகு அவருக்குக் கடலில் எந்தப் பொறுப்பும் தரப்படவில்லை.

இதில் முடிவெடுத்த பிரிட்டிஷ் அதிகாரிகளைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன். பெயர்கள் ரகசியமானவை அல்ல. ஆனால் பெயர் வந்த உடனே ‘கோழையா, வீரனா’ என்ற நூறு வருடப் பழைய பஞ்சாயத்து மறுபடியும் கூடிவிடுகிறது. எனக்கு வேண்டியது அது இல்லை. ஓர் உத்தரவு மேலிருந்து கீழே இறங்கி வரும்போது அதன் பொருள் எந்த இடத்தில் நழுவியது என்பதைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

அதிகாரி

ரியர் அட்மிரல் பழைய கடற்படைக் குடும்பத்தில் பிறந்தவர். முன்னோர் ஒருவர் நெல்சனின் தோழர்; அவரோடு சேர்ந்து போரிட்டவர். இவர் சிறுவனாக இருந்தபோதே பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். இளம் அதிகாரியாக இருந்தபோது, 1888இல், கடலில் விழுந்த மாலுமி ஒருவரைக் குதித்துக் காப்பாற்றிப் பதக்கம் வாங்கினார். பிறகு டோக்கியோவில் பிரிட்டிஷ் தூதரகத்தின் கடற்படை அதிகாரியாக இருந்து, 1904இல் ரஷ்ய-ஜப்பானியப் போரின் தொடக்கக் கட்டத்தை அருகிலிருந்து கவனித்தார். 1912இல் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமையகமான அட்மிரால்டியில் போர்த் திட்டக் குழு புதிதாக அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 1913இல் மத்தியதரைக்கடலில் முதல் குரூசர் பிரிவின் பொறுப்பு வந்தது. அப்போது வயது ஐம்பது. தலை முழுக்க நரை. மாலுமிகள் ‘வெள்ளி ராஜா’ என்று செல்லமாக அழைப்பார்களாம்.

துணிச்சல் குறைந்தவர், படிப்பில்லாதவர், அனுபவமில்லாதவர் என்று இவரைத் தள்ளிவிட வழியில்லை என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

அவர் வளர்ந்த கடற்படையின் மனநிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1757இல் ‘தன்னாலான முழு முயற்சியைச் செய்யத் தவறினார்’ என்ற குற்றத்துக்காக தன் அட்மிரல்களில் ஒருவரான பிங் என்பவரைப் போர்க்கப்பல் ஒன்றின் தளத்திலேயே சுட்டுக் கொன்ற கடற்படை அது. எதிரி கண்ணில் பட்டால் மோத வேண்டும்; தோற்றாலும் பரவாயில்லை, திரும்பக் கூடாது. எழுதாத இந்தச் சட்டம் எழுதிய சட்டங்களைவிட வலுவானது.

இரு தரப்பின் பலம்

ஜெர்மன் தரப்பில் இரண்டே கப்பல்கள். ‘கோபென்’ ஒரு போர்க் குரூசர் (கவசக் குரூசரைவிடப் பெரிய, வேகமான வகை): சுமார் 23,000 டன், 11 அங்குலப் பீரங்கிகள் பத்து. ‘பிரெஸ்லாவ்’ அதற்குத் துணையாக வந்த இலகு குரூசர். தலைவர் அட்மிரல் சூஷோன்.

ரியர் அட்மிரலிடம் இருந்தவை ‘டிஃபென்ஸ்’, ‘வாரியர்’, ‘பிளாக் பிரின்ஸ்’, ‘டியூக் ஆஃப் எடின்பரோ’ என்ற நான்கு கவசக் குரூசர்கள். டிஃபென்ஸ்தான் கொடிக்கப்பல், அதாவது ரியர் அட்மிரல் இருந்த கப்பல். நான்கிலும் சேர்த்து 9.2 அங்குலப் பீரங்கிகள் 22, அவற்றைவிடச் சிறிய 7.5 அங்குலப் பீரங்கிகள் 14. எண்ணிப் பார்த்தால் பிரிட்டிஷ் பக்கம் கனமாகத் தெரியும். ஆனால் கோபெனின் ஒரு குண்டு ஏறத்தாழ 300 கிலோ; 9.2 அங்குலக் குண்டு அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். கோபெனின் பக்கவாட்டுக் கவசம் 270 மில்லிமீட்டர் வரை தடிமன். குரூசர்களுக்கு அதிகபட்சம் 150 சொச்சம்தான். கோபென் வேகமும் அதிகம் என்று எல்லோரும் நம்பினார்கள். வேகமான கப்பலிடம் நீண்ட தூரப் பீரங்கியும் இருந்தால், எவ்வளவு தள்ளி நின்று சுடுவது என்பதை அதுவே முடிவுசெய்யும்.

நம்பினார்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோபெனின் கொதிகலன் குழாய்கள் பழுதாகியிருந்தன. ஜூலையில் ஆஸ்திரியாவின் போலா துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான குழாய்களை மாற்றியும் வேலை முடியவில்லை. காகிதத்தில் இருந்த வேகத்தை அதனால் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. இது பிரிட்டிஷாருக்குத் தெரியாது.

கோபெனைத் துரத்திப் பிடித்து அடிக்கக்கூடிய கப்பல்கள் பிரிட்டனிடமும் இருந்தன: ‘இன்ஃபிளெக்ஸிபிள்’, ‘இன்டாமிடபிள்’, ‘இன்டிஃபாடிகபிள்’ என்ற மூன்று போர்க் குரூசர்கள். ஒவ்வொன்றிலும் 12 அங்குலப் பீரங்கிகள் எட்டு. அவை மத்தியதரைக்கடலின் தலைமைத் தளபதியின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்தன.

ஜூலை 30 தந்தி

போர் வருமுன்னே அட்மிரால்டியிலிருந்து தலைமைத் தளபதிக்கு ஒரு தந்தி வந்தது. கடற்படை அமைச்சர் சர்ச்சில் கைப்பட உருவாக்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து பிரெஞ்சுப் படைகள் கடல் கடக்கும்போது பாதுகாப்புக் கொடுங்கள். முடிந்தால் கோபென் போன்ற வேகமான ஜெர்மன் கப்பல்களோடு மோதுங்கள். கூடவே இன்னொரு வரி: பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்த பொதுப் போரில் அல்லாமல், இந்தக் கட்டத்தில் மேலான படைகளோடு மோதலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் பலத்தைச் சேமித்து வையுங்கள்.

‘மேலான படை’ என்று எழுதும்போது ஆஸ்திரியப் போர்க்கப்பல் தொகுதியை மனத்தில் வைத்திருந்ததாகச் சர்ச்சில் பிற்காலத்தில் விளக்கினார். இருக்கலாம். ஆனால் ஆஸ்திரியா என்ற சொல் அந்த வரியில் இல்லை. ஒரே தந்தியில் கோபெனின் பெயர் இருக்கிறது. பக்கத்திலேயே மேலான படையைத் தவிர்க்கச் சொல்லும் வரியும் இருக்கிறது. வாசிக்கிறவன் இரண்டையும் முடிச்சுப் போட்டால் அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

மால்டாவில் நடந்த பேச்சு

இந்த நிகழ்வின் அச்சாணி அதிகாலை மூன்று மணியில் இல்லை, அதற்கு ஐந்து நாள் முன்பு மால்டாவில் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆகஸ்ட் 2 அன்று தலைமைத் தளபதி அந்தத் தந்தியை ரியர் அட்மிரலிடம் காட்டினார். ஒரு போர்க் குரூசரைத் தன் குரூசர் பிரிவைவிட மேலான படையாகவே தான் கருதுவதாகவும், தன் பீரங்கிகள் எட்டும் தூரத்துக்குள் அதை நெருங்க முடிந்தால் மட்டுமே அது மாறும் என்றும் ரியர் அட்மிரல் சொன்னார். தளபதியின் பதில்: அந்தக் கேள்விக்கே இடமில்லை, இரண்டு போர்க் குரூசர்கள் உங்களோடுதான் வரப்போகின்றன.

கோர்ட் மார்ஷலில் ரியர் அட்மிரல் தரப்பு சொன்னது இது. அவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். வந்த பதிலும் அன்றைக்குச் சரியானதுதான். இன்டாமிடபிளும் இன்டிஃபாடிகபிளும் அன்று மாலை அவரோடுதான் புறப்பட்டன. ஆனால் ஆகஸ்ட் 3 அன்றே கோபெனைத் தேடுவதற்காக அவை இரண்டையும் மேற்கே அழைத்துக்கொண்டார்கள்.

கேள்விக்கு இடமில்லை என்று சொல்ல வைத்த காரணம் அதோடு போய்விட்டது. கேள்வி அப்படியே நின்றது. அதை மறுபடி எழுப்பியவர் யாரும் இல்லை. தளபதி பல வேலைகளுக்கு நடுவில் அதை மறந்திருக்கலாம். ரியர் அட்மிரலோ, தன் கருத்தைச் சொல்லியாயிற்று, மறுப்பு வரவில்லை, ஆகவே ஏற்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டார். வாய்ப்பேச்சில் முடித்த ஒப்பந்தங்களுக்கு நேரும் கதிதான் இது. நம் ஊரில் பாகப்பிரிவினை வழக்குகளில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன.

ஆகஸ்ட் 4 முதல் 6 மாலை வரை

ஆகஸ்ட் 4 விடியலில் கோபென் பிரெஞ்சு அல்ஜீரியாவின் பிலிப்வில் துறைமுகத்தையும், பிரெஸ்லாவ் போன் துறைமுகத்தையும் குண்டுவீசித் தாக்கின. அன்று காலையே இரண்டு பிரிட்டிஷ் போர்க் குரூசர்களும் கோபெனை நேருக்கு நேர் சந்தித்தன. பிரிட்டன் போர் அறிவிக்க இன்னும் பல மணி நேரம் இருந்தது. பீரங்கிகள் தயாராக இருந்தும் சுட அனுமதி இல்லை. பின்தொடர்ந்து ஓடினார்கள். கோபென் தன் நெருப்பறை ஆட்களைக் கசக்கிப் பிழிந்து வேகம் கூட்டி மறைந்தது. கொதிகலன் குழாய்கள் வெடித்து உள்ளே ஆட்கள் வெந்து செத்தார்கள்; வெளியே பார்த்தவர்களுக்குத் தெரிந்தது வேகம் மட்டும்தான். எட்டிப் பிடிக்க முடியாத கப்பல் என்ற பேர் அன்று உறுதியாயிற்று.

கோபென் நிலக்கரி ஏற்ற இத்தாலியின் மெசினா துறைமுகத்துக்குப் போனது. இத்தாலி நடுநிலை நாடு. அதன் கரையிலிருந்து ஆறு மைலுக்குள் போகக் கூடாது என்று பிரிட்டிஷ் கப்பல்களுக்கு உத்தரவு. மெசினா நீரிணைக்கு வடக்கிலும் தெற்கிலும் வாசல் உண்டு. ஜெர்மன் கப்பல்கள் மறுபடி மேற்கே பாய்ந்து பிரெஞ்சுப் படைக் கப்பல்களைத் தாக்கும் என்று தலைமைத் தளபதி நினைத்ததால், பெரிய கப்பல்களை மேற்கே நிறுத்தினார். தெற்கு வாசலில் காவலுக்கு நின்றது ‘கிளாஸ்டர்’ என்ற ஒரே ஓர் இலகு குரூசர். கிழக்கே, ஏட்ரியாட்டிக் கடலின் வாயில், கெஃபலோனியா தீவுப் பக்கம் ரியர் அட்மிரலின் நான்கு குரூசர்கள். அவரோடு நாசகாரிக் கப்பல்களும் இருந்தன. அவற்றுக்கு நிலக்கரித் தட்டுப்பாடு.

சூஷோனுக்கும் குழப்பமான தந்திகள்தான் வந்துகொண்டிருந்தன. துருக்கியின் தலைநகரான கான்ஸ்டான்டினோப்பிளுக்குப் போ என்றது ஒன்று, இப்போதைக்குப் போக முடியாது என்றது இன்னொன்று. கடைசியில் முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் கிழக்கே போவது என்று தீர்மானித்து, 6ஆம் தேதி மாலை ஐந்து மணியளவில் மெசினாவை விட்டுக் கிளம்பினார்.

ஆகஸ்ட் 6 இரவு

கிளாஸ்டர் விடாமல் பின்தொடர்ந்தது. நல்ல நிலா வெளிச்சம். சுமார் 4,800 டன் எடையுள்ள கப்பல். கோபென் திரும்பி நான்கு குண்டு போட்டால் கதை முடிந்தது. ஜெர்மானியர் கம்பியில்லாத் தந்தியைக் குழப்பப் பார்த்தும், எதிரி எங்கே, எந்தத் திசையில், எந்த வேகத்தில் என்ற செய்தியை அதன் கேப்டன் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

கோபென் முதலில் வடகிழக்கே, ஏட்ரியாட்டிக்கை நோக்கிப் போவதுபோலப் போக்குக் காட்டியது. ரியர் அட்மிரல் அதற்கேற்ப வடக்கே நகர்ந்தார். அங்கே ஃபானோ தீவுப் பக்கத்துக் குறுகலான நீரில் சந்தித்தால் கோபெனுக்குத் தள்ளி நின்று அடிக்கும் வசதி கிடைக்காது. இது நல்ல திட்டம். இரவு பதினொரு மணிக்குச் சற்று முன் கோபென் தென்கிழக்கே திரும்பியது. கிளாஸ்டர் உடனே சொல்லிவிட்டது. இந்தத் திருப்பமும் போக்குக் காட்டலாக இருக்கலாம் என்று ரியர் அட்மிரல் தயங்கினார். நள்ளிரவு தாண்டிய பிறகே தெற்கே திரும்பினார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. பின்னர் நடந்தவற்றைப் பார்க்கும்போது, அந்த இரவில் எடுத்த முடிவுகளிலேயே விலை அதிகமானது இந்தத் தாமதம்தான் என்று தோன்றுகிறது. அவருடைய கணக்கு, பொழுது விடியுமுன் இருட்டிலோ அரை வெளிச்சத்திலோ நெருங்கிவிடுவது. அந்தச் சாளரம் இங்கேயே சுருங்கிவிட்டது. கோர்ட் மார்ஷலில் எல்லோரும் பேசியது மூன்று மணியைப் பற்றி.

மால்டாவிலிருந்து வந்துகொண்டிருந்த ‘டப்ளின்’ குரூசர் இரண்டு நாசகாரிகளோடு இருட்டில் டார்பிடோ தாக்குதலுக்கு முயன்றது. ஜெர்மன் கப்பல்கள் கண்ணில் படவில்லை.

மூன்று மணி

மூன்று மணிக்குச் சற்று முன் ரியர் அட்மிரல் தன் கப்பல்களுக்கு அனுப்பிய செய்தியின் சாரம்: ஆறு மணிக்குள் கோபெனின் முன்னால் குறுக்கே செல்ல முயல்கிறேன், முடிந்தால் மோத எண்ணம், வழிமறிக்க முடியாவிட்டால், நீண்ட தூரச் சண்டையைத் தவிர்க்க ஸாந்தே தீவுக்குப் பின்னால் விலகக்கூடும்.

இந்தச் செய்தியின் இரண்டாம் பாதியைப் பலர் கவனிப்பதில்லை. கொடிக்கப்பல் கேப்டன் வந்து மனத்தைக் கலைத்தார், இவர் மாறினார் என்றே கதை சொல்லப்படுகிறது. சந்தேகம் அவருக்குள் முன்பே இருந்ததற்கு அவர் எழுதிய வரியே சாட்சி.

கொடிக்கப்பல் கேப்டன் பீரங்கித் துறையில் பயின்றவர். மோதப் போகிறீர்களா என்று அவர் கேட்டபோது, மோதப்போகிறேன் என்றே ரியர் அட்மிரல் சொன்னார். உத்தரவுக்கு அது முரண் என்று தெரிந்தும், மத்தியதரைக்கடல் படையின் பெயர் நாறக் கூடாது என்பதே அவர் சொன்ன காரணம். கேப்டன் போய்விட்டுச் சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். தனக்கு இது பிடிக்கவில்லை என்றார். எனக்கும்தான், ஏன் என்று கேட்டார் மேலதிகாரி. கேப்டன் விளக்கினார்: விடிந்த பிறகு, தெளிவான வானிலையில், கோபென் நம் பீரங்கிகள் எட்டாத தூரத்தில் சுற்றிக்கொண்டே தன் பீரங்கிகளால் நம்மை ஒவ்வொன்றாக அடிக்கும், இது பிரிவின் தற்கொலை. இப்போது திரும்ப முடியாது, என் மானம் என்னாவது என்றார் ரியர் அட்மிரல். உங்கள் மானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், நாட்டின் நலன் அல்லவா முக்கியம் என்றார் கேப்டன்.

ரியர் அட்மிரல் திசைகாட்டும் அதிகாரியை அழைத்து, கோபெனை நம் பீரங்கி தூரத்துக்குள் கொண்டுவர வழி உண்டா என்று கேட்டார். இல்லை என்ற பதில் வந்தது. நான்கு மணிவாக்கில் முடிவு மாறியது. எதிரியின் பீரங்கி எல்லைக்குள்ளும் என் பீரங்கி எல்லைக்கு வெளியிலும்தான் சந்திக்க முடியும் என்பதால் துரத்தலைக் கைவிட்டேன் என்று தலைமைத் தளபதிக்குத் தந்தி போயிற்று. உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த மிகத் துணிச்சலான செயல் இதுதான் என்றார் கேப்டன்.

அந்த நேரத்தில் கையில் இருந்த தகவல்களை வைத்துப் பார்த்தால் கேப்டனின் கணக்கில் பெரிய ஓட்டை இல்லை. ஓட்டை வேறு இடத்தில். நான்கு கப்பல்களையும் ஒரே வரிசையாகத்தான் கொண்டுபோக வேண்டுமா, இரண்டு இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் வந்தால் கோபென் எந்தப் பக்கம் சுற்றும் என்று அந்தப் பேச்சில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கப்பல்கள் மூழ்கினாலும், பழுதாகி வேகம் குறைந்த கோபெனைப் பின்னால் வரும் மூன்று போர்க் குரூசர்கள் பிடித்துவிடும் அல்லவா என்ற கேள்வியும் எழவில்லை. குரூசர்களில் இருந்தவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர். ‘நாம் பிழைப்போமா’ என்பது அந்த மூவாயிரம் பேரைப் பற்றிய கேள்வி. ‘கோபெனைத் தாமதப்படுத்த முடியுமா’ என்பது போரைப் பற்றிய கேள்வி. திசைகாட்டும் அதிகாரியிடம் இரண்டாவதைக் கேட்கவே இல்லை.

தலைமைத் தளபதியும் இரவு முழுவதும் வந்த செய்திகளைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மோது என்றும் சொல்லவில்லை, மோதாதே என்றும் சொல்லவில்லை.

அடுத்த மூன்று நாள்கள்

கிளாஸ்டர் மட்டும் விடவில்லை. சிறைப்பிடிக்கப்படாமல் பின்வாங்கு என்று தளபதி சொல்லியும் தொடர்ந்தது. 7ஆம் தேதி பிற்பகல் பிரெஸ்லாவை நோக்கிச் சுட்டது. பிரெஸ்லாவைக் காப்பாற்றக் கோபென் திரும்பி வர வேண்டியதாயிற்று. கிரேக்கத்தின் தென்கோடியான மாடபான் முனையைத் தாண்ட வேண்டாம் என்ற உத்தரவால் கிளாஸ்டர் அங்கே நின்றது. அந்தக் கேப்டனுக்குப் பின்னர் விருது கிடைத்தது.

போர்க் குரூசர்கள் மால்டாவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு 8ஆம் தேதி கிழக்கே கிளம்பின. அன்று ஆஸ்திரியாவோடு போர் தொடங்கிவிட்டதாக அட்மிரால்டியிலிருந்து தவறாக ஒரு தந்தி போயிற்று. தளபதி வழியை மாற்றினார். தவறு என்று தெரிந்து மறுபடி கிழக்கே திரும்பினார். கோபென் அதற்குள் ஏஜியன் கடலின் டெனூசா தீவருகே சாவகாசமாக நிலக்கரி ஏற்றியது. 10ஆம் தேதி மாலை இரண்டு ஜெர்மன் கப்பல்களும் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தன.

சில நாளில் அவற்றைத் துருக்கி ‘வாங்கிவிட்டதாக’ அறிவிப்பு வந்தது. பெயர் மாறியது, ஜெர்மன் மாலுமிகள் துருக்கித் தொப்பி அணிந்தார்கள், தலைவர் மட்டும் அதே சூஷோன். அக்டோபர் 29 அன்று அந்தக் கப்பல்கள் கருங்கடலில் ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கின. துருக்கி போரில் இறங்கியது. கோபென் தப்பியதால்தான் துருக்கி போருக்கு வந்தது என்று எழுதுவது வழக்கம். அது மிகை. ஆகஸ்ட் 2 அன்றே ஜெர்மனியோடு துருக்கி ரகசிய ஒப்பந்தம் செய்திருந்தது. துருக்கி பணம் கட்டி பிரிட்டனில் கட்டிய இரண்டு போர்க்கப்பல்களைப் பிரிட்டன் தானே எடுத்துக்கொண்ட கோபமும் இருந்தது. கோபென் அந்தக் கதவைத் தள்ளித் திறந்தது. தாழ்ப்பாளை மற்றவர்கள் முன்பே நீக்கியிருந்தார்கள்.

விசாரணையும் தீர்ப்பும்

தலைமைத் தளபதியின் நடவடிக்கைகளை ஏற்பதாக அட்மிரால்டி ஆகஸ்ட் இறுதியில் அறிவித்தது. ஆனால் அவருக்கும் மறுபடி கடல் பொறுப்பு தரவில்லை. செப்டம்பரில் இரண்டு மூத்த அட்மிரல்கள் ரியர் அட்மிரலை விசாரித்தார்கள். கோபெனைச் சேதப்படுத்தித் தாமதப்படுத்தவாவது அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்தது என்பது அவர்கள் கருத்து. அதன்பேரில் கோர்ட் மார்ஷல் கூட்டப்பட்டது.

நவம்பர் 5 முதல் 9 வரை போர்ட்லாந்தில் ‘புல்வார்க்’ என்ற போர்க்கப்பலில் விசாரணை நடந்தது. கோழைத்தனம் என்ற குற்றச்சாட்டு வைக்கப்படவில்லை. தப்பி ஓடும் எதிரியை அசட்டையாலோ வேறு தவறாலோ துரத்தாமல் விட்டார் என்பதே குற்றம். இங்கே தற்காப்பு எளிதாகிவிட்டது. தளபதியின் வழிகாட்டலையும் அட்மிரால்டியின் தந்தியையும் சேர்த்து வாசித்தால், பகல் வெளிச்சத்தில், திறந்த கடலில், கோபென் மேலான படைதான் என்று ரியர் அட்மிரல் எடுத்துக்கொண்டது நியாயம் என நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, முழுமையாக, மதிப்போடு விடுதலை.

நவம்பர் 9, தீர்ப்பு வந்த அதே நாள், இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளருகே ‘எம்டன்’ கப்பலின் கதை முடிந்தது. சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, ‘அவன் பெரிய எம்டன்’ என்ற பேச்சை நமக்கு விட்டுப்போன அதே கப்பல். தப்பி ஓடும் ஜெர்மன் கப்பல்களை விட்டுவிட்டார்கள் என்ற கோபம் அந்த மாதங்களில் பிரிட்டனில் எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அதைவிட நெருக்கமான இன்னொரு நிகழ்வு உண்டு. தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கரைக்கு அப்பால், கொரோனெல் அருகே, நவம்பர் 1 அன்று அட்மிரல் கிராடாக் தன்னைவிட வலிமையான ஜெர்மன் பிரிவோடு மோதினார். இரண்டு கப்பல்கள் மூழ்கின. சுமார் 1,600 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கோர்ட் மார்ஷல் தொடங்குவதற்கு முந்தைய நாள் அந்தச் செய்தி லண்டனை எட்டியது. நம் ரியர் அட்மிரலுக்கு வந்த கதி தனக்கு வராமல் பார்த்துக்கொள்வேன் என்று கிராடாக் ஒரு நண்பருக்கு முன்பே எழுதியிருந்தார். ஒருவரை விசாரணைக்கு இழுத்ததன் விலையை உலகத்தின் மறுமூலையில் இன்னொருவர் கட்டினார் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. கிராடாக்குக்குப் போன தந்திகளும் தெளிவாக இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தைத் தாண்டிப் போகவும் முடியவில்லை.

பிந்தைய பணி

விடுதலை ஆனவருக்குக் கப்பல் கிடைக்கவில்லை. 1915இல் செர்பியாவுக்குச் சென்ற கடற்படைக் குழுவின் தலைவராக அனுப்பினார்கள். செர்பியாவுக்குக் கடற்கரை கிடையாது. டான்யூப் ஆற்றில் ஆஸ்திரியப் படகுகளைத் தடுப்பது வேலை. அதை நன்றாகவே செய்தார். அந்த ஆண்டின் இறுதியில் செர்பியப் படை பின்வாங்கியபோதும் உடனிருந்தார். பதவி உயர்வுகள் வரிசைப்படி வந்தன. 1919இல் முழு அட்மிரல். போருக்குப் பிறகு டான்யூப் ஆற்றின் சர்வதேச ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். 1926இல் இறந்தார். கடல் அதிகாரியாக வளர்ந்தவரின் கடைசிப் பத்தாண்டுகளில் பெரும்பகுதி ஆற்றங்கரையில் போனது.

அவர் காப்பாற்றிய கப்பல்களின் கதை வேறு. 1916 மே 31 அன்று ஜட்லாந்து போரில் டிஃபென்ஸ் ஜெர்மன் பெருங்கப்பல்களின் பீரங்கி எல்லைக்குள் அகப்பட்டு வெடித்துச் சிதறியது. 900க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. வாரியர் நொறுங்கி மறுநாள் மூழ்கியது. பிளாக் பிரின்ஸ் இரவில் வழிதவறி எதிரி வரிசைக்குள் போய் ஆட்களோடு அழிந்தது. நான்கில் மிஞ்சியது டியூக் ஆஃப் எடின்பரோ மட்டுமே. கொடிக்கப்பல் கேப்டனின் கணக்கு சரி என்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். சரிதான். அதே மூன்று கப்பல்களை இரண்டு வருடம் முன்பே இழந்து கோபெனை முடக்கியிருந்தால் என்று எதிர்த்தரப்பும் கேட்கும். எனக்கு இரண்டாவது வாதம் சற்றுக் கனமாகத் தெரிகிறது; ஆனால் அதைச் சொல்லும் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

எது மாறியிருக்கலாம்

‘மேலான படை’ என்று எழுதியவர் ‘ஆஸ்திரியப் படை’ என்று எழுதியிருந்தால் போதும், இந்த ஆய்வுக்கு வேலையே இருந்திருக்காது. அது மேலே நடந்த பிழை.

நடுவில் நடந்த பிழை ஆகஸ்ட் 3 அன்று. இரண்டு போர்க் குரூசர்களைத் திரும்ப அழைத்தபோது, ‘நேற்று நாம் பேசியது இனி எப்படி’ என்று இருவரில் ஒருவர் ஒரு வரி அனுப்பியிருக்கலாம். கம்பியில்லாத் தந்தி கையில் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று முழு நாள்கள் இருந்தன.

கீழே நடந்தது, ஒரு பெரிய கேள்வியைத் தூக்கமில்லாத இரவின் கடைசி மணிக்குத் தள்ளிவைத்தது. ரியர் அட்மிரல் தன் நான்கு கேப்டன்களையும் கெஃபலோனியா பக்கம் காத்திருந்த நாள்களில் ஒருமுறை கூட்டி, கோபென் தனியாக வந்தால் என்ன செய்வோம், பகலில் எப்படி, இரவில் எப்படி என்று பேசி முடித்திருந்தால், கொடிக்கப்பல் கேப்டனின் எதிர்ப்பு அங்கேயே வெளிவந்திருக்கும். பிரித்து அடிக்கும் யோசனையும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்திருக்கக்கூடும். எதிர்த்துப் பேசியதற்காக அந்தக் கேப்டனைச் சக அதிகாரிகள் பின்னாளில் ஒதுக்கினார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அவர் பேசியது தவறில்லை. பேச அவருக்குக் கிடைத்த நேரம்தான் தவறு.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1939 டிசம்பரில், தென் அட்லாண்டிக்கில் கமடோர் ஹார்வுட் மூன்று குரூசர்களோடு ‘கிராஃப் ஷ்பே’ என்ற ஜெர்மன் கப்பலுக்காகக் காத்திருந்தார். அதன் பீரங்கிகளும் 11 அங்குலம். அவருடைய கப்பல்களில் பெரியதற்கு 8, மற்ற இரண்டுக்கும் 6. டிசம்பர் 12 நண்பகல் வாக்கில், எதிரி கண்ணில் படாதபோதே, அவர் தன் கேப்டன்களுக்குக் கொள்கையை அனுப்பிவிட்டார்: மூன்று குரூசருக்கு எதிரே அந்த ஒரு கப்பல் வந்தால், பகலோ இரவோ உடனே தாக்க வேண்டும், பகலில் இரண்டு பிரிவாகப் பிரிந்து அடிக்க வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு புகை தெரிந்தது. ‘எக்ஸிடர்’ ஒரு பக்கம், ‘ஏஜாக்ஸ்’, ‘அக்கிலீஸ்’ மறுபக்கம் பிரிந்தன. எக்ஸிடரில் 61 பேர் இறந்தார்கள். கப்பல் சண்டையைத் தொடர முடியாத அளவு சிதைந்தது. கிராஃப் ஷ்பே அடிபட்டு மான்டெவிடியோ துறைமுகத்துக்குள் ஒதுங்கியது. 17ஆம் தேதி மாலை அதன் கேப்டனே அதை வெளியே கொண்டுவந்து வெடிவைத்து மூழ்கடித்தார்.